சிக்னல் அக்காவின் வெயில்

சிக்னல் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிய காலை அது. ஐந்து சாலைகள் கூடும் ரவுண்டானாவில் பாதி தூரம் கடந்துவிட்டேன். மீதிப் பாதியை வண்டிகள் விடவில்லை. முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல், சான்றிதழ் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். வெயிலுக்காகத்தான் பிடித்தேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். உள்ளே டிகிரி இருக்கிறது, இடித்துவிடாதீர்கள் என்று வண்டிக்காரர்களுக்குக் காட்டினேன் என்பது அக்காவின் வாதம்.

நடுமேடையிலிருந்து ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரப் பெண் இறங்கி வந்தார். விசில் ஊதவில்லை. வலது கையை மட்டும் உயர்த்தினார். ஐந்து சாலையும் அப்படியே நின்றது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று ஓரத்துக்கு இழுத்து வந்தார்.

"ஏன்பா, சாகறதுக்கு என் ட்யூட்டி நேரம்தான் கிடைச்சுதா?"

"நான் கிராஜுவேட் மேடம்" என்றேன்.

அந்த இடத்தில் அந்தப் பதில் எதற்கு என்று கேட்டால் என்னிடம் விளக்கம் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த நாட்களில் யாராவது மணி என்ன என்று கேட்டால்கூட முதலில் டிகிரிதான் வாயில் வரும்.

"பட்டதாரியா? சரி. பட்டதாரிங்க எல்லாம் ஓரமா நின்னு, வண்டிக்குச் சிவப்பு விழுந்ததும் கடக்கலாம். படிக்காதவங்களுக்கும் அதே சட்டம்தான். எங்க போகணும்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. வேலைக்குச் சேரப் போறேன். நுரையீரல் பிரிவுல மூச்சை அளக்கிற வேலை."

"மூச்சை அளக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று அவர் சிரித்தார். என் அப்பாவும் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "நல்லதாப் போச்சு. ஒருநாள் வர்றேன். இந்தப் புகையில எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்து சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் இருமினார். சளி இல்லாத, வறண்ட, கட்டை இருமல். நான் படித்திருந்த பாடம் ஒன்று தலைக்குள் எட்டிப் பார்த்தது. புது வேலையின் பரபரப்பில் அது உடனே அடங்கியும் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் அந்த வழியாகத்தான் போவேன். "பட்டதாரி போறாரு, வழி விடுங்கப்பா" என்று மேடையிலிருந்து சத்தம் வரும். மெக்கானிக் கடைக்காரர், பேப்பர் போடுபவர் என்று எல்லோருக்கும் அவர் சிக்னல் அக்காதான். மேடைக்கு நிழல் கிடையாது. நின்று நின்று முகமும் கைகளும் ஒரு நிறமாகவும், சட்டைக்கையின் விளிம்புக்கு மேல் வேறு நிறமாகவும் இருப்பார். "என்னைச் சுட்டுச் சுட்டு வெயிலுக்கே அலுத்துப் போச்சு" என்பார்.

ஒருநாள் மேடையில் வேறு யாரோ நின்றார்கள். மறுநாளும் அப்படியே. பிறகு நீண்ட நாள் கழித்து அக்கா என் அறைக்கே வந்தார், சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

என் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத சின்ன அறை. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, கருவி ஒன்று, அதன் திரை. நோயாளி மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழலை வாயில் கவ்வி, நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, ஒரே வீச்சில் ஊதித் தள்ள வேண்டும். காற்று தீர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஊத வேண்டும். அதற்காக நான் பக்கத்தில் நின்று கத்துவேன். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு!" வராந்தாவில் காத்திருப்பவர்கள் உள்ளே ஏதோ தகராறு என்று நினைப்பார்கள். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு. பல்கலைக்கழகம் அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது, அவ்வளவுதான்.

"சொன்ன மாதிரி வந்துட்டேன் பாத்தியா?" என்றார் அக்கா. அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

பஞ்சாக இருக்க வேண்டிய நுரையீரல் பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இறுகிப் போயிருந்தது. புகைதான் காரணம் என்று அக்கா அடித்துச் சொன்னார். இதுதான் காரணம் என்று கைகாட்ட முடியாத வகை என்றார் மருத்துவர். எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: மாற்று நுரையீரல். பெயர் பதிந்து காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டில் இடி விழுந்த நாளில் இவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

அறுவை முடிந்து, வார்டிலிருந்து நடந்தே என் அறைக்கு வந்து அவர் முதல்முறை ஊதியபோது, திரையில் கோடு, நோயே இல்லாதவர் ஊதியது மாதிரி, செங்குத்தாக ஏறி இறங்கியது. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

"பட்டதாரி, மெஷினை நல்லாப் பாரு. ரிப்பேரா இருக்கப் போகுது."

"மெஷின் சரியா இருக்கு அக்கா."

அவர் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கதை இங்கே சுபமாக முடிந்தது என்று நினைப்பார்கள். எங்கள் பிரிவில் கவலை இங்கிருந்துதான் தொடங்கும். மருத்துவர் அக்காவை உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். உடம்புக்குப் புது நுரையீரல் அந்நியன். காவல் படை அதைத் துரத்தப் பார்க்கும். அந்தத் துரத்தலைத்தான் ரிஜெக்ஷன் என்கிறோம். அது நடக்காமலிருக்கக் காவல் படையை மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறோம். காவல் தூங்கினால் கிருமி நுழையும், அதனால் முகக்கவசம். வெயில் தோலில் செய்யும் கெடுதலைச் சரிசெய்யவும் ஆள் இருக்காது, தோல் புற்றுநோய்கூட வரலாம். அதனால் கடும் வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

"போலீஸ் எல்லாரையும் லீவுல அனுப்பிட்டு ஊரை நடத்துன்னு சொல்றீங்க" என்றார் அக்கா.

"அதேதான் அம்மா."

"புரிஞ்சுது மேடம்."

எவ்வளவு புரிந்தது என்பதை அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். தினமும் காலையில் வீட்டிலேயே ஊதிப் பார்க்க ஒரு கையடக்கக் கருவி கொடுப்போம். அளவு தானாக எங்கள் திரைக்கு வந்துவிடும். அதை மாட்டிச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். நல்ல பகல். உள்ளே டியூப் லைட் எரிந்தது. அக்காவின் கணவர் புத்தக பைண்டிங் பட்டறையில் வேலை செய்பவர். அட்டைக்கு மேல் ஒட்டும் தடித்த பழுப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து எல்லா ஜன்னல் கண்ணாடிகளிலும் ஒட்டியிருந்தார். ஓர் இடத்தில்கூடக் குமிழ் இல்லை. மூலைகள் புத்தக அட்டை மாதிரி கச்சிதமாக மடிந்திருந்தன. அந்தப் பழுப்பு இருட்டுக்குள் அக்கா கையுறை போட்டு உட்கார்ந்திருந்தார். துணி காயப்போடும் பின்பக்க வராந்தாவுக்குக்கூடக் குடை பிடித்துத்தான் போவாராம்.

"இவ்வளவு வேணுமா சார்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"மேடம் வெயில் ஆகாதுன்னாங்க" என்றார். அவர் அதிகம் பேசாதவர்.

"கடும் வெயில்னுதானே சொன்னாங்க? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

அக்கா குறுக்கே புகுந்தார். "கேட்டா 'கொஞ்சம் திறக்கலாம்'னுவாங்க. அந்தக் கொஞ்சத்துலதான் விபத்தே நடக்கும். சிவப்புன்னா சிவப்பு. கொஞ்சம் சிவப்புன்னு ஒண்ணு கிடையாது."

மேசைமேல் அறை அறையாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி இருந்தது. காலை, மதியம், இரவு என்று வகைவகையாக நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து இது எதற்கு என்று எனக்கே பாடம் நடத்தினார். ஒன்றைக்கூடத் தவற விடாதவர் என்ற எண்ணத்தோடு நான் கிளம்பி வந்தேன்.

அதன் பிறகு காலையில் திரையைத் திறந்தால் என் கண் முதலில் அவர் அளவைத்தான் தேடும். அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் டீ இறங்கும். வீட்டில் இன்னும் மோசம். அக்கா ஊதும்போது கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாராம். "பாஸ்" என்று அக்கா சொன்ன பிறகுதான் திரும்புவாராம்.

ஒருநாள் அளவு சற்றுத் தாழ்ந்தது. சளி பிடித்தால்கூட அப்படி ஆகும். மறுநாள் இன்னும் தாழ்ந்தது. அதற்கு மறுநாள், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. கூப்பிட்டேன்.

"ஊதும்போது சரியா கவ்வல போல. வர்றேன்" என்றார். குரலில் கேலி இல்லை.

அவர் தம்பி தன் சரக்கு வேனில் அழைத்து வந்தார். அக்கா முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கறுப்புக் குடை சகிதம் உள்ளே வந்து, நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்து மெதுவாகத் தன்னை இறக்கி உட்கார வைத்தார். எப்போதும் தொப்பென்று உட்காருபவர்.

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க..."

பாதியில் விட்டுவிட்டார். மறுபடி ஊதச் சொன்னேன். இன்னும் சீக்கிரம் விட்டார். மூன்றாவது முறை கோடு வேறொரு வடிவில் வந்தது. ஒரே ஆள் ஊதினால் மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படுக்க வேண்டும். இவை மூன்று வேறு ஆட்கள் ஊதியது மாதிரி இருந்தன.

"என்னடா பட்டதாரி? போலி லைசென்ஸ் காட்டுறவன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?"

"மேடம்தான் சொல்லுவாங்க அக்கா. எனக்குச் சொல்ல அனுமதி இல்ல." அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அந்த விதிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை. "எங்கயாவது வலிக்குதா?"

"வலியா? எனக்கா? நின்ன கால்ல பிரசவம் மட்டும்தான் பாக்கல, மத்ததெல்லாம் பாத்தாச்சு" என்று சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்தது. யாரோ வாயைப் பொத்தியது மாதிரி.

'முயற்சி முழுமையாக இல்லை' என்று குறித்து மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் அக்காவைப் பரிசோதித்தார். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. முகத்தில் எதையும் காட்டாத மருத்துவர் அவர். அன்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிஜெக்ஷனாக இருக்கலாம். இன்றே சேர்த்துவிடலாம். நாளை மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டு நுரையீரலில் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். அதுவரை காத்திருக்காமல், காவல் படையை இன்னும் அடக்கும் ஸ்டீராய்டைப் பெரிய அளவில் இன்று மாலையே தொடங்குவதா என்பதுதான் கேள்வி. தாமதித்தால் நுரையீரல் போய்விடலாம். போனால் மாற்றிப்போட இன்னொன்று எங்கும் தயாராக இல்லை.

வராந்தாவில் நான் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அக்காவின் தம்பி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தம்பி, அக்காவுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல? உங்க ஆஸ்பத்திரி மருந்து சும்மாவா? எனக்கே வேலை செய்யுதே!" பதற்றத்தில் சிலருக்குப் பேச்சு வராது. இவருக்கு நிற்காது.

"உங்களுக்கா? நீங்க எங்கண்ணே இங்க காட்டுனீங்க?"

"நான் எங்க காட்டுனேன்? அக்கா குடுக்கிறதுதான். வாரத்துக்கு ஒண்ணு போடுவாங்களே, அது. வேன்ல ஏறி இறங்கியே எனக்கு முட்டி கழண்டு போச்சு. 'டேய், இது எலும்புக்குப் போடுற மாத்திரை. வெயில்ல கிடைக்கிற சத்தாம். நான் இத்தனை வருஷம் வெயில்லயே வெந்தவ, எனக்கு எதுக்கு? நீ போடு'ன்னு அக்கா சொல்லுச்சு. இப்பப் பாருங்க." அங்கேயே உட்கார்ந்து எழுந்து காட்டினார். "சத்தமே வரல பாத்தீங்களா?"

நான் குழாயடியில் பிடித்திருந்த குவளை நிரம்பி என் செருப்பில் வழிந்தது.

"எப்பலேர்ந்து?"

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. ஏன் தம்பி?"

அது வைட்டமின் டி. எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அறுவைக்கு முன்பே அது குறைவு. வீட்டை விட்டு வெளியே வர முடியாத நோய் அல்லவா? அறுவைக்குப் பிறகு வெயிலுக்கும் தடை. கூடவே தினமும் ஸ்டீராய்டு. அது எலும்பை உள்ளிருந்து அரிக்கும். அத்தனைக்கும் ஈடாகத்தான் அந்த வார மாத்திரை. அக்காவோ, பேட்டரியில் ஏற்றிய மின்சாரம் மாதிரி பழைய வெயில் உடம்பில் இருக்கிறது என்று நம்பி, பழுப்புக் காகிதத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, மாத்திரையைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். அறுந்த அந்தச் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது.

அக்காவை வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வார மாத்திரை யார் வயித்துக்குப் போகுது?"

அக்கா தம்பி நின்ற வராந்தாப் பக்கம் பார்த்தார். "அவன் வாய்ல ஒரு சிக்னல் வைக்கணும்" என்றார்.

"இப்ப சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"ஒண்ணும் இல்லடா."

"அக்கா."

கையுறையைக் கழற்றினார். வலது பக்க விலாவில், மார்புக்குக் கீழே விரலை வைத்தார். "போன வாரம் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு தும்மல். சுள்ளி ஒடிஞ்ச மாதிரி உள்ள ஒரு சத்தம். அதுலேர்ந்து முழுசா இழுக்க முடியல. இழுத்தா கத்தி சொருகுது."

"மேடம் கேட்டப்போ ஏன் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நெஞ்சுக்குள்ள இருக்கிறது என்னுது இல்லடா. ஒரு வீட்டுக்காரங்க அழுதுக்கிட்டே குடுத்தது. அங்க வலிக்குதுன்னு என் வாயால சொன்னா, அது போச்சுன்னு நானே சொல்ற மாதிரி இருந்துச்சு. சொல்லாம இருந்தா தானா அடங்கிடும்னு பாத்தேன்." பிறகு, சிரிக்காமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்: "குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவன் எல்லாரும் என்கிட்ட இதையேதான் சொல்லுவான். ஒண்ணும் இல்ல மேடம், ஒண்ணும் இல்ல மேடம்."

"நான் மேடத்தைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. நானே எழுந்து போய்ச் சொன்னா அழுதுடுவேன்."

மருத்துவர் உடனே வந்தார். கையில் என் அறையில் எடுத்த மூன்று கோடுகளின் படம். "இந்தப் படம் எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்தது. அதனாலதான் வலிக்குதான்னு ரெண்டு தடவை கேட்டேன் அம்மா."

"கேட்டீங்க மேடம். நானும் ரெண்டு தடவை பொய் சொன்னேன்."

மருத்துவர் விலாவைத் தொட்டுப் பார்த்தார். அக்கா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவர் சொன்னது எங்கள் யாருக்கும் முழு ஆறுதலாக இல்லை. "எலும்பு ஒடிஞ்ச வலியால மூச்சு குறைஞ்சிருக்கலாம். ரிஜெக்ஷனாகவும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஸ்டீராய்டை இப்ப ஏத்தினா, வெறும் எலும்புதான் பிரச்சினைன்னா, எலும்பு இன்னும் மோசமாகும். ஏத்தாம இருந்து அது ரிஜெக்ஷன்னா..." கையிலிருந்த படத்தை மடித்தார். "நாளைக்கு துணுக்கு எடுத்துப் பார்க்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். மூச்சு இன்னும் குறைஞ்சா காத்திருக்க மாட்டேன்."

தம்பி சுவரோடு சுவராக நின்றிருந்தார். இவ்வளவு நேரம் நிற்காத பேச்சு நின்றுபோயிருந்தது. "அக்கா மூச்சை நான் முழுங்கிட்டேனா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாது. வைட்டமின் டி குறைஞ்சவங்களுக்குத் தொற்றும் ரிஜெக்ஷனும் அதிகமா வருதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. அந்தக் குறைவாலதான் வருதா, சும்மா சேர்ந்து இருக்குதான்னு யாரும் இன்னும் உறுதியாச் சொல்லல. ஆனா எலும்பு விஷயத்துல சந்தேகம் இல்ல. வெயிலும் இல்ல, மாத்திரையும் இல்ல, ஸ்டீராய்டு மட்டும் இருக்குன்னா எலும்பு எதைப் பிடிச்சு நிக்கும்? உங்களுக்கும் ரத்தம் பார்க்கணும். அடுத்தவங்க மாத்திரையை அளவு தெரியாமப் போட்டிருக்கீங்க."

"என்னை விடுங்க மேடம். அக்காவைப் பாருங்க."

"அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார் அக்கா. "ஊசியைப் பாத்தா மயக்கம் போட்டு விழுவான். அவனை உக்கார வெச்சு எடுங்க."

கணவர் பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார். விரல்களில் பசை காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, விரலிலிருந்து பசையை உரித்துக்கொண்டே இருந்தார். "காகிதம் ஒட்டினது நான்தான்" என்றார்.

மறுநாள் காலை கேமராக் குழாய் விட்டார்கள். துணுக்கை அறுத்துச் சாயம் போட்டுப் பார்த்து முடிவு சொல்ல நேரம் பிடிக்கும். ஸ்கேன் முதலில் வந்தது: வலது பக்கம் இரண்டு விலா எலும்புகளில் விரிசல். அடுத்து ரத்தம்: வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். தம்பியின் ரத்தத்தில் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. ஆபத்தான அளவு இல்லை. துணுக்கின் முடிவு மட்டும் வரவில்லை. நான் என் அறையில் மற்றவர்களை ஊத வைத்துக்கொண்டிருந்தேன். அன்று என் கத்தலில் சுதி இல்லை என்று ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் மாலை மருத்துவர் வார்டுக்குள் நடந்து வந்தபோது அக்கா அவர் முகத்தையே பார்த்தார். ஆயிரம் பொய் முகங்களைப் பிடித்த கண் அது. மருத்துவர் கட்டிலை நெருங்குவதற்குள்ளேயே அக்காவின் தோள்கள் தளர்ந்துவிட்டன.

"எடுத்த துணுக்குகள்ல ரிஜெக்ஷன் தெரியல" என்றார் மருத்துவர். கணவர் எழுந்து நின்றார். "ஆனா எடுத்தது துணுக்குதான், முழு நுரையீரல் இல்ல. வலி குறையக் குறைய மூச்சு ஏறணும். ஏறினா எலும்புதான் காரணம். ஏறலன்னா மறுபடி தேடணும்."

நிம்மதியைக் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்காதே என்றும் சொன்னது மாதிரி இருந்தது.

வலிக்கு மருந்து, எலும்புக்கு மருந்து, பெரிய அளவில் வைட்டமின் டி என்று எழுதி அனுப்பினார்கள். வீட்டில் காகிதத்தையும் பிரிக்கச் சொன்னார் மருத்துவர். அக்கா விடவில்லை. "கண்ணாடி வழியா வர்ற வெளிச்சத்துல அந்தச் சத்து வருமா மேடம்?"

"வராது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துடும். மாத்திரைதான் உங்களுக்கு வெயில்."

"அப்ப எதுக்குப் பிரிக்கணும்?"

"பட்டப்பகல்ல இருட்டுல நடந்து தடுக்கி விழுந்தா அடுத்த எலும்பும் போயிடும். அதுக்கு."

"அது நியாயம்" என்றார் அக்கா.

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெந்நீர் வைத்துக் காகிதத்தை ஊறவைத்து உரித்தார். அவர் ஒட்டியது அவ்வளவு எளிதில் வருமா? இன்றும் கண்ணாடி ஓரங்களில் பழுப்புக் கோடு இருக்கிறது. மாத்திரைப் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டார். வாரத்தில் அந்த நாள் வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போவார். "முழுங்கு. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

"என்னையே செக் பண்றியாடா?"

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான். தூக்கு."

எனக்கு அந்த வாரங்கள் எல்லாம் ஒரே காலை மாதிரி இருந்தன. திரையைத் திறப்பேன். அளவு அசையாமல் கிடக்கும். ஒருநாள் இம்மியளவு ஏறும், மறுநாள் இறங்கும். ஒடிந்த எலும்பு ஒட்ட நாளாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்கும் டீ இறங்கவில்லை. அக்கா ஃபோன் செய்து, "என்ன சொல்லுது உன் திரை?" என்பார். "எனக்குச் சொல்ல அனுமதி இல்ல அக்கா" என்பேன். "உன் குரலே சொல்லிடுச்சு" என்று வைத்துவிடுவார்.

பிறகு அவர் நேரில் வந்தார். குடையும் முகக்கவசமும் இருந்தன, கையுறை இல்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தச் சத்தம் கேட்டு எனக்குப் பாதி உயிர் வந்தது. கிளிப்பை மாட்டிக் குழலைக் கவ்வினார். நான் கத்தினேன். வராந்தாவில் நின்ற தம்பியும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சேர்ந்து கத்தினார். அக்கா பாதியில் விடவில்லை. காற்று தீர்ந்தும் ஊதினார், முகம் சிவக்க, கண்ணில் நீர் முட்ட. மூன்று முறை ஊதினார். மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன.

பழைய உச்சிக்குச் சற்றுக் கீழே.

மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. பழைய இடத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. தொடர்ந்து பார்ப்போம்."

வெளியே வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம்னா எவ்வளவுடா?"

"கொஞ்சம்தான் அக்கா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.

இப்போது சிக்னல் அக்கா போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, திரைகளில் சாலைகளைப் பார்த்து ஒலிபெருக்கியில் பேசுகிறார். அந்த ரவுண்டானாவைக் கடக்கும்போது சில நாள் தலைக்கு மேலிருந்து "பட்டதாரி, ஓரமாப் போ" என்று கேட்கிறது. விலா எலும்புகள் கூடிவிட்டன. ரத்தத்தில் வைட்டமின் டி இருக்க வேண்டிய அளவின் கீழ்க்கோட்டை இப்போதுதான் தொட்டிருக்கிறது. வார மாத்திரையைத் தம்பி வந்து நிற்காமலே அவரே போட்டுக்கொள்கிறார். மூச்சின் அளவு போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த பரிசோதனை வரும் வாரம்.